வீட்டிலிருந்து கம்பஸ் கணினிக்கு: வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக ஊழியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மாரி பிறந்துவிட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்த வீதி எந்த நாளில் தண்ணீருக்குள் போகும் என்று சொல்ல முடியாது. 2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தபோது நான் களுவாஞ்சிகுடியில் வீட்டுக்குள் இருந்தேன். அவசரமாக அனுப்பவேண்டிய புள்ளிப் பட்டியல் கம்பஸில் என் மேசைக் கணினியில் இருந்தது. வீட்டு மடிக்கணினியில், வெளியிலிருந்து கம்பஸ் வலையமைப்புக்குள் போக உதவும் விபிஎன் இணைந்தது. முகவரியையும் சரியாகத்தான் அடித்தேன். பதிலே இல்லை. தண்ணீர் வடிந்து அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தால் கணினிக்கு ஒரு பழுதும் இல்லை. கரண்ட் போய் வந்திருக்கிறது, யுபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) தானாக எழும்பவில்லை, அவ்வளவுதான். அதன் முன்பக்கப் பொத்தானை ஒருதடவை அமத்தியதும் எல்லாம் வந்துவிட்டது.

தொலைவிலிருந்து இணைவதில் முக்கால்வாசி வேலை, அலுவலகக் கதிரையில் இருக்கும்போதே முடிக்கவேண்டியது. வீட்டுக்கு வந்தபிறகு செய்ய மிச்சம் கொஞ்சம்தான். பலர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் தேவைப்படும் நேரத்தில் இணைப்புக் கிடைப்பதில்லை. விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள மேசைக் கணினியை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஏன் நேரே போக முடியாது

ஊருக்குள் "ஆலமரத்தடி வீடு" என்றால் எல்லோருக்கும் தெரியும். கொழும்பிலிருந்து ஒருவர் அதை மட்டும் கடித உறையில் எழுதிப் போட்டால் வந்து சேராது, ஏனென்றால் ஆலமரத்தடி வீடு ஊர்தோறும் இருக்கிறது. பல்கலைக்கழக வலையமைப்புக்குள் உங்கள் கணினியின் ஐபி முகவரியும் பெரும்பாலும் அப்படித்தான். அது 10 என்றோ, 192.168 என்றோ, 172.16 முதல் 172.31 வரையான எண்களிலோ தொடங்கினால் உள்ளூர் முகவரி. அதே எண் உலகத்தில் ஆயிரம் கட்டடங்களுக்குள் இருக்கும். வெளியிலிருந்து அதைத் தேடிப் பிடிக்க வழியில்லை.

விபிஎன் என்பது உங்கள் வீட்டுக் கணினியைக் கொஞ்ச நேரத்துக்கு ஊருக்குள் கொண்டுபோய் விடும் பாதை. ரிமோட் டெஸ்க்டொப் என்பது அந்தப் பாதையால் போய் அறைக் கதவைத் திறப்பது. இரண்டும் வேறு வேறு வேலைகள். இதைப் பிரித்து விளங்கிக்கொண்டால், பிரச்சினை வரும்போது பாதையில் பழுதா கதவில் பழுதா என்று கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ளுங்கள். ரிமோட் டெஸ்க்டொப்பில் உங்கள் கோப்புகள் வீட்டுக்கு வருவதில்லை. அலுவலகக் கணினித் திரையின் படம் மட்டும் வருகிறது, நீங்கள் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் போகின்றன. அதனால்தான் போன் டேட்டாவிலும்கூட இருநூறு பக்க ஆய்வேட்டைத் திறந்து திருத்த முடிகிறது.

அனுமதி கேட்பது

உங்கள் துறைத் தலைவர் ஊடாகப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்புக்குப் பொறுப்பான பிரிவுக்கு எழுதுங்கள். வெறுமனே "விபிஎன் வேண்டும்" என்று எழுதாமல் மூன்று விடயங்களைக் கேளுங்கள். ஊழியருக்கான விபிஎன் கணக்கு ஒன்று. விபிஎன் வழியாக வரும்போது உங்கள் மேசைக் கணினியின் 3389 ஆம் போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டொப் உள்ளே வரும் வாசலை, தொட அனுமதி. அந்தக் கணினிக்கு மாறாத ஐபி முகவரி. மூன்றாவதைக் கேட்க மறந்தால் சில வாரம் எல்லாம் நன்றாக ஓடும், பிறகு ஒருநாள் முகவரி மாறி, நீங்கள் பக்கத்து அறைக் கணினியின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எழுத்தில் அனுமதி எடுப்பது உங்களுடைய பாதுகாப்புக்கும்தான். அதிகாரமில்லாமல் கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். மாணவர்களின் புள்ளி, அடையாள அட்டை இலக்கம், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசும் வகைத் தகவல்கள்.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான பொது வைஃபை வசதியான எடுரோம் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. எடுரோம் உள்ள வேறொரு பல்கலைக்கழகத்தில் உங்கள் கணக்கால் வைஃபை கிடைக்கும். ஆனால் நீங்கள் அந்த இடத்து விருந்தாளிதான், உங்கள் சொந்தக் கம்பஸுக்குள் போக அங்கேயும் விபிஎன் வேண்டும்.

அலுவலகக் கணினியைத் தயார் செய்தல்

செட்டிங்ஸ், சிஸ்டம், எபவுட் என்று போய் "எடிஷன்" என்ற வரியைப் பாருங்கள். புரோ, எஜுகேஷன், என்டர்பிரைஸ் என்றால் சரி. ஹோம் என்றிருந்தால் அந்தக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டொப்பால் நுழைய முடியாது, பதிப்பை மாற்றித் தரும்படி கேட்கவேண்டும். இந்த நிபந்தனை அலுவலகக் கணினிக்கு மட்டும்தான். வீட்டில் இருப்பது ஹோம் பதிப்பாக இருந்தால் ஒரு தடையும் இல்லை. இது தெரியாமல் வீட்டு மடிக்கணினிக்குக் காசு கொடுத்துப் புரோ வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அதே இடத்தில் விண்டோஸ் 10 என்று கண்டால், அதற்கான மைக்ரோசொஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் பிரிவுக்குச் சொல்லி, 11 ஆக உயர்த்தக் கேளுங்கள்.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டொப். அங்குள்ள சுவிட்சை ஒன் செய்யுங்கள். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் விண்டோஸின் சொந்த ஃபயர்வோலில் தேவையான வாசல் அதோடு திறந்துவிடும். வேறு அன்டிவைரஸ் ஒன்று தன் ஃபயர்வோலோடு இருந்தால் அதிலும் அனுமதி கொடுக்கவேண்டியிருக்கும். "நெட்வேர்க் லெவல் ஒதென்டிகேஷன்" என்ற தெரிவை ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். கடவுச்சொல்லைச் சரிபார்த்த பிறகே திரையைக் காட்டும் காவல் அது. நீங்கள் அந்தக் கணினிக்கு நிர்வாகி இல்லையென்றால், அதே பக்கத்தில் உள்ள பயனர் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லவேண்டும்.

கடவுச்சொல்லில்தான் பலர் இடறுகிறார்கள். காலையில் நான்கு இலக்கப் பின் நம்பர் அடித்தே கணினியைத் திறந்து பழகியவருக்கு உண்மையான கடவுச்சொல் மறந்துபோயிருக்கும். தொலைவிலிருந்து வரும்போது அந்தப் பின் நம்பர் உதவாது, கணக்கின் கடவுச்சொல்லையே கேட்கும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கை வெளியிலிருந்து வர விண்டோஸ் விடாது. ஆகவே இன்றைக்கே வெளியேறி, பின் நம்பருக்குப் பதிலாகக் கடவுச்சொல்லை அடித்து ஒருதடவை உள்ளே வாருங்கள்.

இனி ஒரு தாளை எடுங்கள். செட்டிங்ஸில் நெட்வேர்க் பக்கத்துக்குப் போய், ஈதர்நெட் (கேபிள் இணைப்பு) என்பதைத் திறந்தால் ஐபி முகவரியும், வலையமைப்பு அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியும் இருக்கும். கணினியின் பெயர் ரிமோட் டெஸ்க்டொப் பக்கத்திலேயே இருக்கும். இந்த மூன்றையும், உங்கள் பயனர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எழுதவேண்டாம். மேக் முகவரியைப் பிரிவுக்கும் கொடுங்கள். மாறாத ஐபி முகவரியை ஒதுக்க அவர்களுக்கு அதுதான் தேவை.

கணினி கேபிளில் இருப்பது முக்கியம். வைஃபையில் இருந்தால், திரும்ப எழும்பும்போது கம்பஸ் வைஃபை பயனர் பெயர் கேட்கும் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். அதை அடித்துக் கொடுக்க அறையில் ஆள் இருக்காது.

கரண்ட்: நிதானமாகச் செய்யவேண்டிய பகுதி

2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் இருந்த மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனதையும் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பெரிய வெட்டு வேண்டாம், இடி மின்னலோடு வரும் பத்து நிமிட வெட்டே போதும். இந்தப் பகுதியைச் செய்யாமல் விட்டால் மேலே செய்தது எல்லாம் வீண்.

முதலில் உறக்கம். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய், கணினி உறங்கும் நேரத்தை "நெவர்" ஆக்குங்கள். ஹைபர்னேட் தெரிவு இருந்தால் அதையும். திரை அணைவதற்குப் பத்து நிமிடம் வைத்தால் ஒன்றும் குறையாது, மின்சாரமும் மிஞ்சும்.

அப்புறம் பயோஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னாலேயே திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம். கணினியை அணைத்துப் போடும்போது டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவா மேசைக் கணினி என்றால் எஃப்1 விசையை விடாமல் தட்டிக்கொண்டிருங்கள். உள்ளே மின்சாரம் சம்பந்தமான பக்கத்தில் டெல்லில் "ஏசி ரிக்கவரி", எச்பியிலும் லெனோவாவிலும் "ஆஃப்டர் பவர் லொஸ்" என்று ஒரு வரி இருக்கும். அதை "பவர் ஒன்" ஆக மாற்றிச் சேமியுங்கள். கரண்ட் வந்ததும் கணினி தானாக எழும்ப இதுதான் வழி. விண்டோஸ் எழும்பி, யாரும் கடவுச்சொல் அடிக்காமல் பூட்டிய திரையில் நின்றாலும் ரிமோட் டெஸ்க்டொப் பதில் சொல்லும். வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர், விண்டோஸுக்கு முன்னாலேயே எண் கேட்கும்படி வைக்கப்பட்டிருந்தால் மட்டும் அங்கே நின்றுவிடும்.

இப்போது சோதனை. கணினியை முறையாக அணையுங்கள். யுபிஎஸ்ஸையும் அணைத்து, சுவர்ச் சுவிட்சையும் நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்துச் சுவர்ச் சுவிட்சை மட்டும் போடுங்கள். யுபிஎஸ் தானாக எழும்புகிறதா? சில மலிவான யுபிஎஸ்கள் பற்றரி முழுதாக வற்றினால் பொத்தானை அமத்தும்வரை உறங்கிக்கொண்டேயிருக்கும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. அப்படியானால் பிரிவுடன் பேசி, தானாக எழும்பும் ஒன்றைக் கேளுங்கள். கிடைக்கும்வரை கணினியை, மின்னல் பாதுகாப்புள்ள பலகை வழியாகச் சுவரிலேயே கொழுவலாம். திடீர் வெட்டில் சேமிக்காத வேலை போகும் என்ற இழப்பு இருக்கிறது, ஆனாலும் மூன்று நாள் பூட்டிக் கிடப்பதை விட அது மேல் என்பது என் முடிவு.

சுவர்ச் சுவிட்சின் மேல் "அணைக்க வேண்டாம், கணினி வேலையில் உள்ளது" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிவிடுங்கள். மாலையில் அறையைப் பூட்ட வரும் அண்ணன் பொறுப்பானவர். எரிந்துகொண்டிருக்கும் சுவிட்சைக் கண்டால் அணைத்துவிட்டுத்தான் போவார். அவருக்கு நேரிலும் ஒருதடவை சொல்லுங்கள்.

கதிரையை விட்டு எழும்ப முன் ஒரு ஒத்திகை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விடயத்தைத்தான் நினைவில் வைக்கலாம் என்றால், இதை வையுங்கள். உங்கள் மடிக்கணினியைக் கம்பஸுக்குக் கொண்டுவாருங்கள். அதில் கம்பஸ் வைஃபையை அணைத்து, போன் ஹொட்ஸ்பொட்டை இணையுங்கள். இப்போது மடிக்கணினி கம்பஸுக்கு வெளியே இருக்கிறது, நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். விபிஎன் போட்டு, பக்கத்தில் இருக்கும் மேசைக் கணினிக்குள் நுழைந்து பாருங்கள். எது தடுத்தாலும் கை நீட்டிச் சரி செய்யலாம், இல்லையென்றால் நாலு அடி நடந்து பிரிவில் கேட்கலாம்.

ஒரு மூத்த விரிவுரையாளருக்கு இதைச் செய்து காட்டினேன். மடிக்கணினியில் அவர் நுழைந்த அந்தக் கணமே மேசைக் கணினியின் திரை பூட்டிய திரையாக மாறியது. "தம்பி, அங்கே போய்விட்டதே!" என்று பதறினார். போகவில்லை சேர், இதுதான் நல்லது என்று விளக்கினேன். நீங்கள் வீட்டிலிருந்து புள்ளி பதியும்போது அறைக்குள் வருகிற எவருக்கும் பூட்டிய திரைதான் தெரியும். சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம் என்பதால், ஒரே கணக்கைப் பலர் பாவிக்கும் ஆய்வுகூடக் கணினிக்கு இது சரிவராது.

வீட்டில்

விபிஎன் மென்பொருளைப் பிரிவு சொல்லும் இடத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலாவதாக வரும் விளம்பர இணைப்பைத் தொடவேண்டாம். போனுக்கு வரும் இலவச விபிஎன் செயலிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவை உங்களை எங்கோ ஒரு நாட்டுக்குக் கொண்டுபோகும், கம்பஸுக்கு அல்ல.

விபிஎன் இணைந்ததும் தேடல் பெட்டியில் ரிமோட் டெஸ்க்டொப் கனெக்ஷன் என்று தேடித் திறவுங்கள். தாளில் எழுதிய ஐபி முகவரியை அடியுங்கள். பயனர் பெயர் கேட்கும்போது, கணினியின் பெயர், பின்சாய்ந்த கோடு (\), உங்கள் பெயர் என்ற வரிசையில் கொடுத்தால் குழப்பம் வராது. மைக்ரோசொஃப்ட் கணக்கு என்றால் முழு மின்னஞ்சல் முகவரி. முதல் தடவை, கணினியின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். விபிஎன்னுக்குள் இருந்து சரியான முகவரிக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஏற்கலாம். பல மாதம் வராமல் இருந்து திடீரென்று ஒருநாள் வந்தால் நிறுத்தி, பிரிவைக் கேளுங்கள். ஆப்பிளின் மெக் கணினி, ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு "விண்டோஸ் ஆப்" என்ற பெயரில் மைக்ரோசொஃப்டின் செயலி இருக்கிறது.

இணைய முன் "ஷோ ஒப்ஷன்ஸ்" என்பதைத் திறந்து இரண்டு இடங்களைப் பாருங்கள். "எக்ஸ்பீரியன்ஸ்" பக்கத்தில் குறைந்த வேகத்தைத் தெரிந்தால் பின்னணிப் படமும் அலங்காரமும் வராமல் டேட்டா மிஞ்சும். "லோக்கல் ரிசோர்சஸ்" பக்கத்தில் பிரிண்டர் இருக்கிறது. வீட்டில் பிரிண்ட் கொடுத்து, அது கம்பஸில் பொது அறை பிரிண்டரில் போய் விழுந்து, மாணவர் புள்ளிகள் காலைவரை எல்லோர் கண்ணிலும் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். பிரிண்ட் கொடுக்குமுன் பிரிண்டரின் பெயரை வாசியுங்கள். அதே பக்கத்தில் வீட்டு டிரைவையும் இணைக்கலாம், கோப்பு மாற்றத் தேவைப்படும் நாளில் மட்டும் செய்யுங்கள்.

கன்ட்ரோல், ஓல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அமத்தினால் அது வீட்டுக் கணினிக்குத்தான் போகும். அலுவலகக் கணினிக்கு டிலீட்டுக்குப் பதில் எண்ட்.

தமிழில் தட்டச்சு

அலுவலகக் கடிதங்கள் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. வருவது திரையின் படம் மட்டும் என்பதால் வீட்டில் பாமினி எழுத்துரு இல்லாவிட்டாலும் கடிதம் சரியாகத் தெரியும். சிக்கல் தட்டச்சில் வருகிறது. வீட்டுக் கணினியில் ஒரு தமிழ் மென்பொருளும் அலுவலகக் கணினியில் இன்னொன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரு விசை இரண்டு தரம் மாற்றப்பட்டு எழுத்துகள் குழம்பும். வீட்டில் உள்ளதை நிறுத்தி ஆங்கில விசைப்பலகையில் விடுங்கள், அலுவலகத்தில் உள்ளதை மட்டும் ஓடவிடுங்கள். ரெங்கநாதன் முறையோ பாமினியோ தமிழ்99ஓ, அங்கே எப்படித் தட்டுவீர்களோ அப்படியே தட்டலாம்.

இணையாவிட்டால்

பாதையிலிருந்து தொடங்குங்கள். விபிஎன் உண்மையில் இணைந்திருக்கிறதா? கம்பஸுக்குள் மட்டும் திறக்கும் இணையப் பக்கம் ஒன்றைத் தெரிந்து வைத்திருந்து அதைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் பழுது பாதையில்தான். அதுவும் திறந்து, கணினி மட்டும் பதில் சொல்லாவிட்டால், அது அணைந்திருக்கலாம், உறங்கலாம், முகவரி மாறியிருக்கலாம். அதே கட்டடத்தில் இருக்கும் ஒருவரிடம் உங்கள் அறையில் வெளிச்சம் எரிகிறதா, சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று கேட்பதே வேகமான வழி.

விபிஎன்னும் இணைந்து, கணினியும் எழும்பியிருந்து, ஆனாலும் எட்டவில்லை என்றால் ஒரு மறைவான காரணம் உண்டு. வீட்டு ரவுட்டர் பெரும்பாலும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது. கம்பஸில் உங்கள் கணினியும் அதே தொடரில் இருந்தால், மடிக்கணினி அதை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். இரண்டு ஊரிலும் ஆலமரத்தடி வீடு. ரவுட்டரின் உள்ளூர் முகவரித் தொடரை 192.168.77 போல வேறொன்றாக மாற்றினால் தீரும். வேறு வழியில்லாத அவசரத்துக்குப் போன் ஹொட்ஸ்பொட்டை முயன்று பாருங்கள்.

கதவுவரை போய் "பெயரோ கடவுச்சொல்லோ பிழை" என்று வந்தால் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11 இல் பத்துத் தரம் பிழைத்தால் கணக்கு பத்து நிமிடம் பூட்டப்படும்.

குறுக்கு வழிகள்

விபிஎன் கிடைக்கத் தாமதமானால் யாராவது, 3389 போர்ட்டை நேரே இண்டர்நெட்டுக்குத் திறந்துவிடலாம் என்று ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். திறந்த போர்ட்டுகளைத் தேடி உலகம் முழுவதும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகச் சுற்றுகின்றன. கண்டதும் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கும். 2019 இல் வெளிவந்த, ரிமோட் டெஸ்க்டொப்பில் இருந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குக் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. அது அவ்வளவு ஆபத்தாக இருந்ததால், ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட்டது. உங்கள் ஒரு கணினி வழியாக நுழைபவர் பீடத்தின் எல்லாக் கோப்புகளையும் பூட்டிக் கப்பம் கேட்கலாம்.

எனிடெஸ்க், டீம்வியூவர், குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போன்றவை விபிஎன் இல்லாமலே வேலை செய்யும். பிரிவு எழுத்தில் அனுமதித்தால் மட்டும் பாவியுங்கள். இவற்றில் நீங்கள் செய்வதெல்லாம் சாதாரணமாக அலுவலகத் திரையிலும் தெரியும் என்பதை மறக்கவேண்டாம். வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள், வரும் எண்ணைச் சொல்லுங்கள் என்று போன் வந்தால் உடனே வையுங்கள்.

வேலை முடிந்ததும்

தொலைவில் இருந்துகொண்டு அலுவலகக் கணினியின் நெட்வேர்க், ஃபயர்வோல் அமைப்புகளில் கை வைக்காதீர்கள். அது நுனிக்கொப்பில் இருந்து அடிக்கொப்பை வெட்டுவது. பவர் பொத்தானில் "ஷட் டவுன்" என்பதையும் தொடவேண்டாம். அணைந்துவிட்டால் யாராவது போய்ப் பொத்தான் அமத்தும்வரை எழும்பாது. நீண்ட கணக்கீடு ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் "டிஸ்கனெக்ட்" கொடுங்கள், அது தொடர்ந்து ஓடும். இல்லையென்றால் கோப்புகளைச் சேமித்து "சைன் அவுட்". கணினி மந்தமாகிவிட்டால் "ரீஸ்டார்ட்" கொடுக்கலாம், சில நிமிடம் பொறுத்து மறுபடி இணையுங்கள். அதன்பிறகு விபிஎன்னையும் துண்டியுங்கள், பிள்ளைகள் அதே மடிக்கணினியில் வீடியோ பார்க்கத் தொடங்குமுன்.